நாட்டுப் பூச்செடிகளை விதையிலிருந்து வளர்க்க எந்தப் பட்டம் சரி? (கடலூர், புதுவைத் தோட்டங்கள்)

மஞ்சைவாசி, மஞ்சக்குப்பம்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் பின்புறம் 3 சென்ட் அளவுக்கு இடம் வெறுமனே கிடக்கிறது. பாதி களிமண், மீதிப் பாதி, வீடு கட்டியபோது கொட்டிய மணல். வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் தேன்சிட்டும் வந்து தங்கும்படி, இந்த மண்ணுக்கே உரிய பூச்செடிகளை அதில் வளர்க்க விரும்புகிறேன். ஒருமுறை வேர்பிடித்தால் ஆண்டுதோறும் தாமே தழைக்கும் பல்லாண்டுச் செடிகளாக அவை இருக்க வேண்டும் என்பதும், நாற்றாக வாங்காமல் விதையிலிருந்தே வளர்க்க வேண்டும் என்பதும் என் எண்ணம். நாற்றுப் பண்ணைகளில் கேட்டால் போகன்வில்லாவையும் அரளியையும்தான் காட்டுகிறார்கள். காட்டுப்பூ விதைக் கலவை என்று இணையத்தில் விற்ற ஓர் உறையை வாங்கி விதைத்ததில் காஸ்மோஸும் ஜினியாவும் வந்தன. இரண்டுமே மெக்சிகோ பக்கத்துச் செடிகள். ஒரு பருவத்தோடு முடிந்தும் போயின.

எந்தெந்தச் செடிகளில் தொடங்கலாம், எந்த மாதத்தில் விதைக்க வேண்டும், விதையை ஈர மணலில் கலந்து குளிர்பதனப் பெட்டியில் ஒரு மாதம் வைக்க வேண்டும் என்று காணொளிகளில் சொல்கிறார்களே, அது நமக்கும் பொருந்துமா என்பனவற்றை அனுபவமுள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

செம்மண்மேடு, திருவந்திபுரம்

குளிர்பதனப் பெட்டியை மறந்துவிடுங்கள். பனி உறையும் நாடுகளில், இலையுதிர் காலத்தில் விழுந்த விதை உடனே முளைத்தால் அந்தக் குளிரிலேயே செத்துப்போகும். ஆகவே ஈரத்தோடு சில வாரக் குளிரும் பட்ட பிறகே முளைப்பது என்று அங்குள்ள செடிகள் பல பழகியிருக்கின்றன. அவற்றுக்காகச் சொல்லப்பட்ட முறை அது. நம் கரையில் இளஞ்செடிக்கு எமனாக வருவது கோடை. தை, மாசியில் உதிர்ந்த விதை, எப்போதோ பெய்யும் ஒரு தூறலை நம்பி முளைத்துவிட்டால் சித்திரை வெயிலில் கருகிவிடும் என்பதால், நம் செடிகளில் பெரும்பாலானவை தடித்த தோலைப் போர்த்திக்கொண்டோ உள்ளே மெல்லப் பக்குவப்பட்டுக்கொண்டோ மழைக்காலம் வரை காத்திருக்கின்றன. எனவே நீங்கள் செய்ய வேண்டியது, விதையை உலர்வாக வைத்து, வெயில் காலத்தை அது கடக்க விடுவதுதான்.

தடித்த தோல் கொண்டவை என்று நான் சொல்வது ஆவாரை, கொழுஞ்சி, துத்தி, விஷ்ணுகிரந்தி, கடற்கரை அடம்பு போன்றவற்றை. இவற்றின் தோலில் நீர் இறங்கவே இறங்காது. ஊற வைத்தால் ஒரு வாரம் கழித்தும் போட்டபடியே கிடக்கும். ஆவாரை, அடம்பு போன்று கையில் பிடிக்கும் அளவுள்ள விதையென்றால், தழும்பு இருக்கும் முனைக்கு எதிர்ப்புறத்தில் நகவெட்டியால் இலேசாக ஒரு கீறல் போட்டாலே போதும். உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பு வெட்டுப்படக் கூடாது. பொடி விதையானால் உப்புத்தாளின் நடுவே வைத்துத் தேய்க்கலாம். கொதித்த நீரை இறக்கிச் சற்று ஆறவிட்டு, விரல் தாளாத சூடு இருக்கும்போது விதையின் மேல் ஊற்றி, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் விதைத்துவிட்டு, உப்பாதவற்றை மறுபடியும் தேய்க்க வேண்டும்.

செம்முள்ளி, டிசம்பர் பூ போன்ற முள்ளி இனங்களுக்கு இந்த வேலை எதுவும் ஆகாது. அவற்றின் தட்டை விதைமேல் படிந்து கிடக்கும் மயிர்கள், ஒரு சொட்டு நீர் பட்டதும் நிமிர்ந்து எழுந்து வழவழப்பான கூழாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். அந்தக் கூழ்தான் விதையை மண்ணோடு ஒட்டிப் பிடித்து ஈரம் காக்கிறது. ஊற வைத்தால் விதைகள் எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு பிரிக்க முடியாமல் போகும். உலர்ந்த நிலையிலேயே தூவி, மேலே மெல்லிய மணலைப் பரப்புங்கள். இவற்றின் காய் முற்றியதும் வெடித்து விதையைத் தூர எறியும் என்பதால், பழுப்பேறும் சமயத்தில் கொத்தின்மேல் பழைய துணிப்பை ஒன்றைக் கட்டிவிட வேண்டும்.

மூன்றாவது வகை சோம்பேறிகள். செங்காந்தளும் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதில் அடக்கம். செங்காந்தள் விதை ஒன்று இந்த மாதம் முளைக்கும்; அதே காயில் இருந்த இன்னொன்று பல மாதம் கழித்து முளைக்கும். முளைத்த முதல் ஆண்டில் புல் போன்ற இலையும் மிளகளவு கிழங்குமே மிஞ்சும். பூவைப் பார்க்க 2, 3 ஆண்டுகள் ஆகலாம். மருந்துக்காகப் பயிரிடும் விவசாயிகள், கண்வலிக் கிழங்கு எனப்படும் அதன் கிழங்கையே நட்டு வளர்ப்பது இதனால்தான். ஆனாலும் நான் விதையையே பரிந்துரைப்பேன். கிழங்குக்காகக் காட்டிலும் புதரிலும் தோண்டித் தோண்டியே அந்தச் செடி பல இடங்களில் அருகிப்போனது.

பட்டத்தைப் பொறுத்தவரை, ஆடிப்பெருக்கை ஒட்டித் தட்டுகளில் விதைத்து, புரட்டாசியில் நிலத்துக்கு மாற்றுவதே என் வழக்கம். ஆடி, ஆவணியில் மாலை நேரத்தில் இடியோடு பெய்யும் மழையில் நாற்று தேறும். ஐப்பசி அடைமழை வருவதற்குள் வேர் ஒரு சாண் இறங்கியிருக்கும்.

ஏரிக்கரையான், பாகூர்

விதை நேர்த்தி பற்றிச் செம்மண்மேடு ஐயா எழுதியதை ஏற்கிறேன். தட்டில் விதைத்து மாற்றி நடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நான் பாகூரில் நெல் பயிரிடுபவன். தழைச்சத்துக்காகக் கொழுஞ்சி விதைப்பது எங்கள் வீட்டில் தலைமுறையாக உள்ள பழக்கம். சொரசொரப்பான ஆற்று மணலோடு சேர்த்து விதையைக் காலால் தேய்த்து, அப்படியே வயலில் வீசிவிடுவோம். கொழுஞ்சியானாலும் ஆவாரையானாலும் முளைத்ததும் ஆணிவேரை நேரே கீழே விடும் சாதி. தட்டின் அடியில் அந்த வேர் முட்டி வளைந்துவிட்டால், நிலத்துக்கு மாற்றிய பிறகும் அந்த வளைவு நிமிராது. மழைக்காலத்தில் செழிப்பாகத் தெரியும் செடி, வைகாசியில் ஆழத்து ஈரத்தை எட்ட முடியாமல் காய்ந்து நிற்கும். பல்லாண்டுச் செடிக்கு வேர்தான் முதலீடு. அதைத் தட்டில் முடமாக்கிவிட்டுப் பிறகு ஆண்டுக்கணக்கில் வாழச் சொன்னால் அது எப்படி வாழும்?

மஞ்சைவாசி அவர்கள் புரட்டாசிக் கடைசியில், முதல் நல்ல மழை பெய்து மண் பொதபொதவென்று ஆனதும், நேரடியாக நிலத்திலேயே விதைக்கட்டும். எது தாங்குகிறதோ அதுவே அந்த மண்ணுக்கு உரிய செடி.

செம்மண்மேடு, திருவந்திபுரம்

ஏரிக்கரையான் ஐயா, ஆணிவேர் பற்றி நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. கொழுஞ்சியையும் அடம்பையும் நானும் நேரடியாகத்தான் விதைக்கிறேன். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை நினைத்துப் பாருங்கள். இரண்டு இலைப் பருவத்தில் இருக்கும் விஷ்ணுகிரந்தி நாற்று அந்த மழையில் எங்கே நிற்கும்? நேரடி விதைப்பு வயலுக்குப் பொருந்தும். அங்கே படிக்கணக்கில் விதையை வீசுகிறோம், பாதி போனாலும் மீதி போதும். ஓரிதழ் தாமரை விதை ஒரு சிட்டிகை கிடைப்பதே அரிதாக இருக்கும்போது, அதை அடைமழையிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வருவதில்லை. மேலும் அந்த விதையை எறும்புகள் விரும்பி இழுத்துக்கொண்டு போகும். நான்கு கால் பலகையில் தட்டை வைத்து, ஒவ்வொரு காலையும் நீர் நிரப்பிய கிண்ணத்தில் நிறுத்தினால்தான் விதை தப்புகிறது.

வேர் வளைவதற்கு மாற்று இருக்கிறது. குழித்தட்டை விட்டுவிட்டு, அரை லிட்டர் பாண்லே அல்லது ஆவின் பால் உறைகளைக் கழுவி, அடியில் துளையிட்டு, நிமிர்த்தி வைத்து நிரப்புங்கள். ஒரு சாண் ஆழம் கிடைக்கும். வேர் அடியைத் தொடும் முன்பே, அதாவது நான்கைந்து இலை விட்ட உடனே, உறையைக் கிழித்து மண்ணோடு நட்டுவிட வேண்டும். காத்திருந்து பெரிய நாற்றாக நடுவோம் என்ற ஆசைதான் வேரைக் கெடுக்கிறது.

உறையை நிரப்பும் கலவையில் தென்னை நார்க்கழிவைக் கூடிய மட்டும் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. கடற்காற்றின் ஈரப்பதத்தில் அது காயவே காயாது. நாற்றழுகல் வந்து தண்டு தரைமட்டத்தில் கருத்துச் சாய்ந்துவிடும். இரண்டு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு செம்மண், கைப்பிடி மக்கிய இலை, இவ்வளவே போதுமானது. நீரை மேலே ஊற்றாமல், உறைகளை ஒரு தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள்.

ஏரிக்கரையான், பாகூர்

பால் உறை முறையை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும், கொழுஞ்சி, ஆவாரை, துத்தி மூன்றும் நேரடி விதைப்பு என்பதில் நான் மாறப்போவதில்லை. விதைக்கும் முன் கோரையை ஒழித்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோடையில் மண் காய்ந்திருக்கும்போது கொத்திப் புரட்டி, கிழங்கை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்காமல் விட்டால், மழை விழுந்ததும் கோரைதான் முதலில் எழும். அதன் நடுவே மெல்லிய நாற்று எதுவும் பிழைக்காது.

மாடித்தோட்டம், லாஸ்பேட்டை

மண்புழு உரம், பஞ்சகவ்யம் பற்றி ஒருவரும் பேசவில்லையே. என் மாடியில் கத்திரிக்கும் வெண்டைக்கும் கொடுப்பது போல இவற்றுக்கும் கொடுத்தால் விரைவில் பூக்காதா?

செம்மண்மேடு, திருவந்திபுரம்

வேண்டாம். வளமான மண்ணில் புல்லும் கோரையும்தான் முந்திக்கொள்ளும். விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை போன்றவை மெலிந்த மண்ணில் பிற செடிகளின் போட்டி இல்லாமல் வாழப் பழகியவை. உரமிட்டால் இலை தழைத்துத் துவளும், பூ குறையும். ஆவாரை எந்தத் தரிசிலும் வேரூன்றிவிடும். கொழுஞ்சி வேர்முடிச்சால் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும்.

வில்லியனூர் ஆசிரியை

விதையைப் பற்றிய பேச்சு நன்றாகப் போகிறது. ஆனால் மஞ்சைவாசி கேட்டது வண்ணத்துப்பூச்சியும் தேனீயும் தங்கும் தோட்டம். தேன் தரும் பூவை மட்டும் வைத்தால் அவை விருந்தாளியாக வந்து போகுமே தவிரத் தங்க மாட்டா. முட்டையிடுவதற்கு உரிய செடி வேண்டும். அதன் இலையைப் புழு தின்ன வேண்டும். அதைப் பார்த்து நீங்கள் மருந்தடிக்காமல் இருக்க வேண்டும்.

வெந்தய வரியன் என்னும் வண்ணத்துப்பூச்சி எருக்கிலும் உத்தாமணிக் கொடியிலும் இலையின் அடிப்புறத்தில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடும் முதுகில் மூன்று இணைக் கரிய இழைகளோடும் இருக்கும் அதன் புழு, வளர்ந்த பிறகு நேராக இலையைக் கடிப்பதில்லை. முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டு, வடிந்து நின்றதும் அதற்கு அப்பால் உள்ள பகுதியைத் தின்னத் தொடங்கும். ஆவாரையும் கொன்றையும் கொன்னை வெள்ளையனுக்கு உரியவை. முள்ளி இனங்களிலும் நீர்முள்ளியிலும் வசீகரன் வகை வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. ஓரிதழ் தாமரையில், கறுப்புப் புள்ளிகளுடன் செம்பழுப்பு நிறத்தில் மெதுவாகப் பறக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சியின் முள்முள்ளான புழுவை வயல் ஓரங்களிலேயே பார்க்கலாம். அவ்வளவு சிறிய செடியை மூன்று நாளில் மொட்டையாக்கிவிடும் என்பதால் ஒன்றிரண்டு வைத்தால் போதாது, பாத்தி நிறைய வேண்டும். ஆடுதீண்டாப்பாளை இருந்தால், சிவந்த உடலும் கரிய இறக்கையும் கொண்ட அழகி வண்ணத்துப்பூச்சிகள் இரண்டு வகை வந்து சேரும்.

தேனீக்களுக்காக ஆவாரையை நான் சிறப்பாகச் சொல்வேன். அந்தப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே உண்டு. அதுவும் மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் வெளிவரும். கரிய தச்சுத் தேனீ பூவைக் கால்களால் இறுகப் பற்றிக்கொண்டு, உறுமல் போன்ற ஒலியோடு உடலை அதிரச் செய்யும்போது, உப்புப்புட்டியிலிருந்து உப்பு உதிர்வது போல மகரந்தம் அதன் வயிற்றின்மேல் உதிரும். காலையில் செடியருகே நின்றால் அந்த ஒலியே காதில் விழும். இந்தத் தேனீ காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் துளையிட்டுக் குடியிருப்பது. நீலவரித் தேனீயோ மண்ணில் வளை தோண்டுவது. ஆகவே பட்டுப்போன ஒரு மரத்துண்டையும், சருகு மூடாக்குப் போடாத ஒரு சிறு வெற்று மண்திட்டையும் தோட்டத்தின் ஒரு மூலையில் விட்டுவையுங்கள்.

மஞ்சைவாசி, மஞ்சக்குப்பம்

எல்லோருக்கும் நன்றி. எருக்கு வீட்டில் முளைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று என் அம்மா உறுதியாக இருக்கிறார். அவரோடு வாதாட எனக்கு விருப்பமில்லை. மேலும், மழைக்காலத்தில் எங்கள் பின்புறத்தில் இரண்டு மூன்று நாள் கணுக்கால் அளவு நீர் நிற்கும். அதைச் சமாளிக்க என்ன வழி? தும்பையும் குப்பைமேனியும் தாமாகவே வருகின்றனவே, அவற்றை விட்டுவைக்கலாமா?

வில்லியனூர் ஆசிரியை

அம்மாவின் சொல்லை மீற வேண்டிய தேவையே இல்லை. உத்தாமணியை வேலியில் ஏற்றிவிட்டால் அதே வெந்தய வரியன் வரும். அதன் இரட்டைக் காய் வெடித்தால் பஞ்சோடு விதை பறந்துவிடும். காயின் மூட்டு வாயில் கோடு விழும் நாளில் பறித்து, பஞ்சு விரியும் முன் விதையை உருவி எடுத்துவிடுங்கள். இதற்குக் கீறலோ வெந்நீரோ வேண்டாம். பழசாகாமல், கிடைத்த பட்டத்திலேயே விதைத்துவிட வேண்டும்.

தும்பையை அவசியம் விட்டுவையுங்கள். அது ஓராண்டுச் செடிதான். ஆனால் பல்லாண்டுச் செடிகள் வேர்விட்டுக்கொண்டிருக்கும் முதல் இரண்டு ஆண்டுகளில் சிறு தேனீக்களுக்கும் நீலச் சிறகுப் பூச்சிகளுக்கும் சோறு போடுவது அதுவே. குப்பைமேனியும் பயன்தான்.

செம்மண்மேடு, திருவந்திபுரம்

நீர் நிற்பதற்கு, இடத்தையே இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கொட்டிக் கிடக்கும் மணலை வாரி ஒரு முழ உயரத்துக்கு நீளமான மேடாகப் போட்டு, ஆவாரை, விஷ்ணுகிரந்தி, செங்காந்தள், முள்ளி ஆகியவற்றை அதன்மேல் வைக்கலாம். நீர் தேங்கினால் செங்காந்தளின் கிழங்கு உறுதியாக அழுகும். மணல் எடுத்த பள்ளத்தில் நீர்முள்ளியை விடுங்கள். அதற்கு நீர் நிற்பதே பிடிக்கும். அது பல்லாண்டு வாழ்வதில்லை, ஆனால் விழுந்த விதையிலிருந்து ஆண்டுதோறும் தானே வரும்.

நெய்தல்கரை, அரியாங்குப்பம்

நான் கடலுக்கு அருகில் இருப்பவன் என்பதால், இந்தப் பட்டியலில் பாதி எனக்குப் பயன்படாது. உப்புக் காற்றில் செம்முள்ளியின் இலை விளிம்பு கருகிவிடுகிறது. அடம்பு மட்டும் குறை வைப்பதில்லை. அதன் விதை கடல்நீரில் மிதந்து போய் வேறு கரையில் முளைக்கும் அளவுக்குத் தோல் தடித்தது; நகவெட்டி இல்லாமல் முளைக்க வைப்பது வீண் முயற்சி. ஊதாப் பூக்கள் காலையில் விரிந்திருக்கும் நேரத்தில் தேனீக்கள் உள்ளே புகுந்து, உடலெல்லாம் மகரந்தத்தோடு பின்னோக்கி நகர்ந்து வெளிவருவதைப் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 3 சென்ட் இடத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கொடி முழுவதையும் மூடிவிடும். மஞ்சக்குப்பத்தார் இதை விட்டுவிட்டு மற்றவற்றைக் கவனிக்கலாம்.

மாடித்தோட்டம், லாஸ்பேட்டை

ஒரு நடைமுறைச் சிக்கலையும் பேசியாக வேண்டும். எங்கள் தெருவில் ஒருவர் இப்படித்தான் தோட்டத்தை விட்டுவைத்தார். புதர் மண்டிப் பாம்பு வருகிறது, கொசு வருகிறது என்று அக்கம்பக்கத்தில் புகார் செய்து, கடைசியில் எல்லாவற்றையும் வெட்டவைத்துவிட்டார்கள். உண்ணிச்செடியும் வெட்டுக்காயப் பூண்டும் பூத்துக் குலுங்கி வண்ணத்துப்பூச்சிகள் நிறைந்திருந்த இடம் அது. அயல்நாட்டுச் செடியென்றாலும் பூச்சிகளுக்குப் பயன்படுகிறதே, அதையே பராமரித்தால் என்ன?

வில்லியனூர் ஆசிரியை

உண்ணிச்செடியில் தேன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதன் கருநீலப் பழத்தைச் சின்னான் குருவி தின்று, எச்சத்தோடு ஊரெங்கும் விதைக்கிறது. நாட்டின் காடுகளை அது எப்படி ஆக்கிரமித்திருக்கிறது என்பது எல்லோரும் அறிந்ததே. அதை அகற்றத்தான் வேண்டும். வெட்டுக்காயப் பூண்டின் விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பு எனக்கு இல்லை. இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதாம். ஆனால் தரையோடு கிடக்கும் பூண்டை ஒரே நாளில் பிடுங்கி எறிந்தால் சின்னஞ்சிறு பூச்சிகள் பட்டினி கிடக்கும். விஷ்ணுகிரந்தி படரப் படர, அந்த இடத்தில் மட்டும் பூண்டை எடுத்துக்கொண்டே வரலாம். பார்த்தீனியத்துக்கும் சிங்கப்பூர் டெய்சிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

அக்கம்பக்கத்தாரின் அச்சத்தை அலட்சியம் செய்யக் கூடாது. நடுவில் இரண்டடி அகலத்துக்குப் பாதை விட்டு அதை எப்போதும் செதுக்கி வைத்திருந்தால், பார்ப்பவருக்கு அது பராமரிக்கப்படும் தோட்டம் என்று தெரியும். நமக்கும் கால் வைக்கும் இடம் தெரியும். உயரமானவற்றை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். செங்கல், ஓடு ஆகியவற்றைக் குவித்து வைப்பதுதான் பாம்புக்கும் எலிக்கும் வசதி. கொசு உற்பத்தியாவது தேங்கிய நீரில். செடிக்கும் அதற்கும் தொடர்பு குறைவு. நீர்முள்ளிப் பள்ளத்தில் ஒரு வாரத்துக்கு மேல் நீர் நின்றால் வடித்துவிட வேண்டும்.

நெறியாளர்

செங்காந்தள், ஆடுதீண்டாப்பாளை, எருக்கு ஆகிய பெயர்கள் வருவதால் ஓர் எச்சரிக்கை. செங்காந்தள் கிழங்கு முதல் விதை வரை கொடிய நஞ்சு. சிறு துண்டு உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. ஆடுதீண்டாப்பாளை சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. நாட்டு மருந்தென்று யாரும் உட்கொள்ள வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் படவே கூடாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் செங்காந்தளைத் தவிர்ப்பதே நல்லது என்பது எங்கள் நிலைப்பாடு.

விதை சேகரிப்பைப் பற்றியும் ஒரு சொல். காப்புக்காட்டில் எதையும் எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. புத்துப்பட்டு அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ளது போன்ற கோயில் காடுகளில் எஞ்சியிருப்பது நம் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காட்டின் சிதறல். அங்கே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், பறிக்க வேண்டாம். வயல் வரப்பு, ஏரிக்கரை, சாலையோரத் தரிசு ஆகிய இடங்களே நமக்குப் போதும். அங்கும் ஒரு செடியின் காய்கள் முழுவதையும் உருவாமல், பல செடிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பதே முறை.

மஞ்சைவாசி, மஞ்சக்குப்பம்

பேத்தி இருப்பதால் செங்காந்தளைக் கைவிடுகிறேன். மணல் மேட்டில் ஆவாரை, செம்முள்ளி, விஷ்ணுகிரந்தி, ஓரிதழ் தாமரை, வேலியில் உத்தாமணி, தண்ணீர்விட்டான், பள்ளத்தில் நீர்முள்ளி, ஓரமெல்லாம் கொழுஞ்சி என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதி. விதையை ஆடி வரை எதில் வைப்பது? நட்ட செடிக்குக் கோடையில் தினமும் நீர் விட வேண்டுமா?

ஏரிக்கரையான், பாகூர்

விதையை நிழலில் நன்றாகக் காயவைத்து, சலித்த விறகுச் சாம்பல் கலந்து, காற்றுப் புகாத புட்டியில் வையுங்கள். எங்கள் பாட்டி சுரைக்குடுக்கையில் வைத்து வாயைச் சாணத்தால் மெழுகுவார். இன்று மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டி போதும். உத்தாமணியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கார்த்திகைக்குப் பிறகு கிடைத்தால் தைப் பனியிலேயே விதைத்து, நீர் விட்டுக் கோடையைக் கடத்த வேண்டியதுதான்.

செம்மண்மேடு, திருவந்திபுரம்

முதல் கோடைக்கு மட்டும் நீர் வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பதைவிட, வாரத்துக்கு ஒருமுறை மாலையில் ஆழமாக நனையும்படி விடுவது நல்லது. மேலே மட்டும் நனைத்தால் வேர் மேலேயே நின்றுவிடும். இரண்டாம் கோடையில் நிறுத்திவிடலாம். பங்குனி, சித்திரையில் விஷ்ணுகிரந்தியும் ஓரிதழ் தாமரையும் தரைக்கு மேலே காய்ந்து சருகாகிவிடும். அப்போது செத்துவிட்டதென்று நினைத்துப் பிடுங்கிவிடாமல், ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிடுங்கள். தண்ணீர்விட்டான் கொடியும் வெளிறிப்போகும். கீழே கிழங்குக் கொத்து உயிரோடு இருக்கும். உதிர்ந்த சருகை அப்படியே விட்டால் மண்ணின் சூடு தணியும்; காய்ந்த தண்டுகளை ஆனி முடிந்த பிறகு வெட்டினால் போதும், ஏனெனில் அவற்றின் உள்ளே சிறு தேனீக்கள் குஞ்சு வைத்திருக்கலாம். மழை தொடங்கியதும் ஆப்பிரிக்க நத்தை இளந்தளிருக்கு வரும். இரவில் விளக்கோடு போய்க் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைசலில் போடுவதைத் தவிர எளிய வழி இல்லை.

வில்லியனூர் ஆசிரியை

மஞ்சைவாசி அவர்களுக்குச் செம்முள்ளி, ஓரிதழ் தாமரை விதைகளை நான் தருகிறேன். இரண்டும் ஊசுட்டேரிப் பக்கத்து வரப்புகளில் எடுத்தவை. பெற்றதும் விதை உறையின் மேல் எடுத்த இடத்தையும் மாதத்தையும் எழுதிவையுங்கள். ஓரிதழ் தாமரை விதை போன ஆண்டுடையது என்பதால், பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று பார்த்துவிட்டு, அதற்கேற்ப ஒரு பால் உறைக்கு எத்தனை விதை என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள்.